ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போக முடியுமா? பெரம்பலூர், அரியலூர் பட்டதாரிகளின் விசா எங்கே சிக்குகிறது?

'வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை. அனுபவம் தேவையில்லை. 20 நாளில் விசா.' பி.எட். முடித்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரிச் செய்திகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கீழே ஒரு செல்போன் எண் இருக்கும். நாட்டின் பெயர் சில நேரம் இருக்கும். பள்ளியின் பெயர் மட்டும் இருக்கவே இருக்காது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வெளிநாட்டு வேலை புதிதல்ல. சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போனவர்கள் இல்லாத ஊரை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் குரும்பலூரிலும் வேப்பந்தட்டையிலும் அரியலூரிலும் உள்ள அரசுக் கல்லூரிகளில் படித்தவர்கள். அவர்களில் ஆங்கில இலக்கியம் எடுத்து பி.எட்.டும் முடித்தவர்கள், ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்குப் பிறகு நியமனத் தேர்வு என்று வரிசையில் நிற்கிறார்கள். 2013-ல் தகுதித் தேர்வில் தேறியவர்களிலேயே பலர் வேலை கேட்டுப் பலமுறை போராட்டம் நடத்தியிருக்கிறார்கள். அப்படியிருக்க, 20 நாளில் விசா என்றால் யாருக்குத்தான் கை அந்த எண்ணுக்குப் போகாது?

ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். எம்.ஏ., பி.எட்., தனியார் பள்ளியில் நான்கு வருட அனுபவம். அங்கே என்ன சம்பளம் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தூரத்து உறவில் மாமா முறை ஆகும் ஒருவர் போன் செய்கிறார். "பாப்பா, தாய்லாந்துல டீச்சர் வேலை இருக்காம். ஒன்றரை லட்சம் கட்டினா விசா எடுத்துக் குடுத்துடுவாங்களாம். நம்ம ஆளுதான், பயப்படாத."

மாமா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் 'விசா எடுத்துக் குடுப்பாங்க' என்ற சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. வேலை விசா கடையில் வாங்குகிற சரக்கு கிடையாது. அங்கே உள்ள ஒரு பள்ளி, 'எங்களுக்கு இன்னார் வேண்டும்' என்று தன் அரசிடம் கேட்க வேண்டும். அந்த அரசு சரி என்று சொன்ன பிறகுதான் விசா என்ற பேச்சே வரும். எந்த நாட்டுக்காரரைக் கேட்கலாம், யாரைக் கேட்கக் கூடாது என்பதையும் அந்த நாட்டின் விதி முன்பே முடிவு செய்திருக்கும். அந்த விதியை ஏஜென்ட் மாற்ற முடியாது. அரசாங்கம் பேசினால் மாற்றலாம். ஒருமுறை இந்தியா பேசி மாற்றியும் இருக்கிறது. அது இங்கே அதிகம் பேசப்படாத கதை.

தாய்மொழியா, பாஸ்போர்ட்டா?

தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே மொழி ஆசிரியர்களுக்கான விசாவின் பெயர் இ-2. ஆங்கிலம் கற்பிக்க அந்த விசா பெறுபவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். அப்படி ஏற்கப்பட்ட நாடுகள் ஏழு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா.

கடைசிப் பெயரைக் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலத்தை வீட்டு மொழியாகப் பேசுபவர்கள் சிறுபான்மையினர்தான். சூலு, கோசா, ஆஃப்ரிகான்ஸ் என்று அங்கே பல மொழிகள் ஆட்சிமொழிகள். ஆகவே அந்த நாட்டுக்காரர்களிடம், பள்ளிப்படிப்பை ஆங்கிலத்தில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். சான்று இருந்தால் போதும். 1860-ல் சென்னையில் கப்பல் ஏறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஒருவரின் வாரிசு, இன்று டர்பனில் இருந்து அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் வழி வாரிசு, மெட்ரிகுலேஷன் பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தில் படித்திருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. இங்கே பார்க்கப்படுவது நாக்கு இல்லை, பாஸ்போர்ட். சீனாவின் விதியும் ஏறக்குறைய இதே ரகம்.

பிரிட்டனில் இன்னொரு விசித்திரம். 2023 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட மேலும் சில நாடுகளின் ஆசிரியர்களுக்கு, இங்கிலாந்தில் தகுதிபெற்ற ஆசிரியர் என்ற அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கும் வழி திறந்தது. ஆனால் 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், அயல்மொழிகள் கற்பிப்பவர்களுக்குத்தான் அந்த வழி. இயற்பியல் பி.எட். போகலாம், ஆங்கில பி.எட். போக முடியாது.

ஜப்பானின் விதி பார்வைக்கு நியாயமாகத் தெரியும். ஆங்கிலம் கற்பிக்க வருபவர் அந்த மொழியில் குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்கிறது. குடியுரிமையைப் பார்க்காமல் படிப்பைப் பார்க்கிறதே என்று மகிழலாம். ஆனால் ஜெயங்கொண்டத்துப் பெண் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு என்று கூட்டினாலும் ஏழுதான் வருகிறது.

இதே பெண் உள்ளூரில் டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போனால், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை என்று 2010-ல் வந்த சட்டம் இருக்கிறது. 2020-ல் அதைத் திருத்தி, பள்ளியில் தொடங்கி அந்தப் பதவிக்கான கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழி என்று ஆக்கினார்கள். இவர் பட்டம் படித்ததோ ஆங்கில இலக்கியம். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பதவிகளில் அந்த முன்னுரிமையும் போச்சு. ஜப்பானுக்கு இவர் தமிழ் வழி, சென்னைக்கு ஆங்கில வழி. அரசுப் பள்ளியில் படித்து ஆங்கிலத்தை விரும்பி எடுத்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதற்காக வலி குறைந்துவிடாது.

முன்பு போனவர்களை யார் கேட்டார்கள்?

எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லி செலாசி காலத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகியபோது, இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1970-களில் எண்ணெய்ப் பணம் வந்த நைஜீரியா, இந்திய ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தது. மாலத்தீவின் சின்னச் சின்னத் தீவுப் பள்ளிகளில் இன்றும் இந்திய ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். கேரளமும் தமிழ்நாடும் அதில் முக்கியமானவை. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பட்டம் இருக்கிறதா, பாடம் நடத்தத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். அந்த நாடுகளில் ஒரு தலைமுறையே அவர்களிடம் ஆங்கிலம் படித்து டாக்டரானது, இன்ஜினீயரானது.

ஆக, இந்திய ஆசிரியரிடம் ஆங்கிலம் கற்க முடியாது என்ற வாதம் வகுப்பறையில் தோற்றுப்போன வாதம். விசா விதியில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நாடகம் போல ஆங்கிலம் பேசும் ஒருவரைவிட, இரண்டாம் மொழியாக அதைப் பாடுபட்டுக் கற்றவருக்கு, மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்பது நன்றாகத் தெரியும். இலக்கணம் ஏன் குழப்புகிறது என்று அவரால் சொல்ல முடியும், அவரும் அங்கே குழம்பியவர்தானே.

2010-ல் திறந்த கதவு

இந்தியாவும் தென் கொரியாவும் 2009 ஆகஸ்ட் 7 அன்று விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2010 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கார், இரும்பு, சுங்க வரி என்றுதான் அப்போது செய்திகள் வந்தன. அதில் சேவைத் துறைக்கான பகுதியில் ஆங்கில உதவி ஆசிரியர்களும் இருந்தார்கள். பட்டப்படிப்பும் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள், கொரியாவின் தொடக்க, நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக வேலை செய்யலாம். இதற்காகவே இ-2 விசாவுக்குள் இ-2-91 என்று தனி உட்பிரிவு உண்டு. ஏழு நாடுகளின் பட்டியலைத் தாண்டி, ஒப்பந்தத்தின் பலத்தில் உள்ளே வரும் வழி இது.

பி.எட்.டில் ஆங்கிலம் எடுத்துப் படித்த பெரம்பலூர்க்காரரும் அரியலூர்க்காரரும் அந்த வரிக்கு மிக அருகில் இருப்பவர்கள். ஆன்லைனில் சில வாரத்தில் வாங்கும் பயிற்சிச் சான்றிதழைவிட, இரண்டு வருடம் உட்கார்ந்து படித்து, பள்ளியில் போய்ப் பயிற்சி எடுத்து வாங்கிய பி.எட். இங்கே கனமானது.

கதவு அகலமானது என்று சொல்லி யாரையும் ஏமாற்றக் கூடாது. இது பள்ளிக்கு மட்டும்தான். 'ஹாக்வான்' எனப்படும் தனியார் டியூஷன் மையங்களுக்குச் செல்லாது. வேலைகள் பெரும்பாலும் அங்கே உள்ளதும் அந்த மையங்களில்தான். அரசுப் பள்ளிகளுக்கு ஆளெடுக்க 1995 முதல் நடக்கும் 'இபிக்' என்ற திட்டத்திலும், ஒவ்வொரு சுற்றின் அறிவிப்பையும் படித்துப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பவர் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒப்பந்தம் வந்து இத்தனை ஆண்டுகளாகிவிட்டன. இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று பி.எட். கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதமாவது ஒட்டப்பட்டிருக்க வேண்டாமா? மாநில அரசுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. செவிலியர், டிரைவர், எலெக்ட்ரீஷியன் என்று அது விளம்பரம் கொடுக்கிறது. ஆங்கில ஆசிரியருக்கான அயல்நாட்டு வழிகளை நாடுவாரியாக ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிட, பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது. அந்த ஒரு பக்கம் இல்லாத இடத்தில்தான் வாட்ஸ்அப் செய்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'டூரிஸ்ட் விசாவுல போங்க, அப்புறம் மாத்திக்கலாம்'

2023 நவம்பரில் தாய்லாந்து, சுற்றுலா வரும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தது. சுற்றுலாப் பயணிகளுக்குச் சந்தோஷம், ஏஜென்டுகளுக்கு அதைவிடச் சந்தோஷம். "இப்ப சும்மா போங்க மேடம், ஸ்கூல் பார்த்துட்டு அங்கேயே மாத்திக்கலாம்" என்று சொல்வது சுலபமாகிவிட்டது.

தாய்லாந்தில் சட்டப்படி ஆசிரியராக வேலை பார்க்க, பள்ளி தரும் கடிதங்களோடு நான்-இமிக்ரன்ட் பி விசா வேண்டும். அதற்கு மேல் தொழிலாளர் துறையின் ஒர்க் பெர்மிட் வேண்டும். 'குருசபா' எனப்படும் ஆசிரியர் கவுன்சிலின் உரிமம், அல்லது தற்காலிக விலக்கு வேண்டும். பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தலும் உண்டு. முதல் மாதமே பள்ளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாலும் போலீஸுக்குப் போக முடியாது. போனால் முதலில் மாட்டுவது ஆசிரியர்தான்.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அங்கே அடைத்து வைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது, அக்டோபரில் ஒரு குழுவினர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அது ஆசிரியர் வேலை இல்லைதான். ஆனால் ஆங்கிலமும் டைப்பிங்கும் தெரிந்த பட்டதாரிதான் அந்தக் கும்பலுக்கும் தேவைப்படுகிறார்.

படித்தவருக்குக் காவல் குறைவு

இங்கே இந்தியச் சட்டத்தில் ஒரு முரண் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனால், அவருடைய பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அப்போது அவருடைய வேலை ஒப்பந்தத்தை ஓர் அரசு அதிகாரி பார்ப்பார். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்தத் தேவை இல்லை. எம்.ஏ., பி.எட். படித்தவரின் ஒப்பந்தத்தை அரசில் யாரும் பார்ப்பதில்லை. படித்தவர், தானே பார்த்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. 2019 ஜனவரியிலிருந்து இவர்களும் அந்த 18 நாடுகளுக்குப் போகும்முன் இ-மைகிரேட் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கட்டாயமாக இல்லாவிட்டாலும், விரும்பிப் பதிவு செய்பவரின் ஒப்பந்தத்தையாவது ஒருவர் படித்துப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கூட்டிப் பார்த்தால் 35,400. மாமா சொன்ன ஒன்றரை லட்சத்தில் மீதி எதற்கு என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. ரசீது கேட்டால் கிடைக்கும் பதிலே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இனிஷியல் என்ற சின்னப் புள்ளி

நேர்வழியில் போகிறவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது பெயர். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சான்றிதழில் 'செ. கவிதா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும் என்பதால் 'கவிதா செல்வராஜ்' ஆகிவிடும். சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு வெறும் 'கவிதா' என்று வாங்கியிருப்பார்கள். பட்டச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். மூன்று காகிதத்தில் மூன்று கவிதா. இவர்கள் எல்லாரும் ஒரே ஆள் என்பது ஊருக்குத் தெரியும், சியோலில் உள்ள குடியேற்ற அதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலாவாகவோ பார்வையாளராகவோ வர முடியாது என்று அறிவித்தபோது, தமிழ்நாட்டில்தான் எத்தனை வீடுகளில் பீரோ திறந்தது. விண்ணப்பம் என்ற யோசனை வருவதற்கு முன்பே, எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். திருத்தம் என்றால் மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது பட்டச் சான்றிதழ். புரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு இங்கே வேலைக்குச் சேரலாம், வெளிநாட்டில் அதைப் பொதுவாக ஏற்பதில்லை. பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல், கல்லூரியில் போய் வாங்கவும் நேரமில்லாமல் விட்டவர்கள் உண்டு. அதை வாங்கிய பிறகு மாநில அரசின் சான்றொப்பம், அதன் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை. 2005 ஜூலை 14 முதல் இந்தியா இந்த அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. தென் கொரியாவும் ஜப்பானும் இருப்பதால் அந்த ஒரே முத்திரை போதும். அமீரகம் இல்லை, அங்கே தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்குவது ஆவணத்துக்கு 50 ரூபாய், அதற்கு மேல் ஆவணங்களை வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம். காவல் துறைச் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்ட வேண்டும், இரண்டு மாவட்டத்துக்கும் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம்தான். கொரியா இதிலும் அப்போஸ்டில் கேட்கும்.

இப்படி ஆளை அனுப்பினால் இங்கே அரசுப் பள்ளியில் யார் ஆங்கிலம் கற்பிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய இடம் வேறு. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் காக்க வைத்திருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. முப்பது வயதைத் தாண்டியும் வரிசையில் நிற்பவரிடம் தேசப்பற்றைப் பேசுவது அழகில்லை.

2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில், யோகா ஆசிரியர்கள், செவ்வியல் இசைக் கலைஞர்கள், சமையல் கலைஞர்கள் ஆண்டுக்கு 1,800 பேர் வரை போக இந்தியா இடம் கேட்டு வாங்கியது. யோகா கற்பிப்பவருக்குக் கேட்க முடிந்ததை ஆங்கிலம் கற்பிப்பவருக்கும் கேட்கலாம், 2009-ல் சியோலில் கேட்டிருக்கிறார்கள். ஜப்பானிடம் அந்த 12 ஆண்டு விதிக்குப் பதிலாக முதுகலைப் பட்டத்தையும் பி.எட்.டையும் ஏற்கச் சொல்லலாம். தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்விதான் இது: கொரிய ஒப்பந்தத்தின் கீழ் இதுவரை எத்தனை இந்திய ஆசிரியர்கள் போயிருக்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து எத்தனை பேர்?

ஜெயங்கொண்டத்துப் பெண்ணுக்கு அதுவரை காத்திருக்க முடியாது. மாமா மறுபடி போன் செய்யும்போது அவர் மூன்று விஷயம் கேட்கலாம். பள்ளியின் பெயர் என்ன, விசா எந்த வகை, ஏஜென்டின் பதிவு எண் என்ன? எண்ணைச் சொன்னால் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். "அதெல்லாம் அங்க போய்த் தெரிஞ்சுக்கலாம் பாப்பா" என்று பதில் வந்தால், ஒன்றரை லட்சம் வங்கியிலேயே இருக்கட்டும். அந்த வாரம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.